வீக்கம் தாடையில், நோய் குடலில்: குதிரைக் குட்டிகளைப் பிடிக்கும் லாசோனியா

(காட்சி: அக்டோபர் மாதக் காலை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லெக்சிங்டன் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை. வேலிக்குள் பத்துப் பன்னிரண்டு குட்டிகள்.)

இந்தக் கூட்டத்தில் எந்தக் குட்டிக்கு உடம்பு சரியில்லை, சொல்லுங்கள் பார்ப்போம். தீவனத் தொட்டியில் முட்டித் தள்ளிக்கொண்டு தின்கிறவற்றை விட்டுவிடுங்கள். கொஞ்சம் ஒதுங்கி, தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதே ஒரு செம்பழுப்புக் குட்டி, அதுதான். வயிறு பானை மாதிரி இருக்கிறது, ஆனால் முதுகெலும்பு துருத்துகிறது. மயிர் மினுமினுப்பில்லாமல் சிலும்பிக் கிடக்கிறது.

(காட்சி: கை ஒன்று குட்டியின் தாடைக்குக் கீழே தொடுகிறது.)

தாடைக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம். அடிவயிற்றில் விரலை அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி குழி அப்படியே நிற்கிறது. கால்களும் தடித்திருக்கின்றன. பூச்சி கடித்திருக்குமோ, எங்காவது அடிபட்டிருக்குமோ என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். குடலைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள். ஏனென்றால் இந்தக் குட்டிக்கு இன்னும் கழிச்சலே வரவில்லை. சில குட்டிகளுக்குக் கடைசிவரை வராது.

ஆனால் நோய் இருப்பது சிறுகுடலில். கிருமியின் பெயர் லாசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ். இரண்டாவது சொல்லுக்கு 'செல்லுக்குள்ளே இருப்பது' என்று பொருள். முதல் சொல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கோர்டன் லாசனின் பெயரிலிருந்து வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த நோயைப் பன்றிகளில் 1931லேயே விவரித்துவிட்டார்கள். கிருமிக்குப் பெயர் கிடைத்ததோ 1995இல். அறுபது வருடத்துக்கு மேல்! சாதாரண பாக்டீரியாவைப் போல இதைத் தட்டில் ஊட்டம் போட்டு வளர்க்க முடியாது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதற்கு வழி கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு காலம். குதிரைக் குட்டியில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1982இல்.

(காட்சி: சிறுகுடல் சுவரின் வரைபடம், பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.)

சரி, உள்ளே என்ன நடக்கிறது? குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை குடல் உறிஞ்சிகள். அவற்றின் அடியில் சின்னச் சின்னக் குழிகள். புதுச் செல்கள் பிறப்பது அந்தக் குழிகளில்தான். பிறந்த செல் மெல்ல மேலே ஏறி, வழியில் முதிர்ந்து, உணவை உறிஞ்சும் வேலையை எடுத்துக்கொள்ளும். லாசோனியா குடியேறுவது அந்தக் குழியில் இருக்கும் இளம் செல்களுக்குள். அவற்றை உடனே கொன்றுவிடாது. முதிரவும் விடாது. பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கச் செய்யும். ஒரு செல் இரண்டாகும்போது கிருமியும் இரண்டுக்கும் பங்காகப் போகும். வேலை தெரியாத செல்கள் கூட்டம் கூடக் கூட, குடல் தடிக்கும்.

வீட்டில் ஆட்டுக்குடல் கழுவியவர்களுக்குத் தெரியும், நல்ல சிறுகுடலின் சுவர் எவ்வளவு மெலிது என்று. நோய் வந்த குட்டியின் குடல் தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரி இருக்கும். உள்ளே மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் இந்தக் கோலம்.

தடித்த குடலுக்கும் தாடை வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் இருப்பது அல்புமின் என்கிற புரதம். ரத்தத்தில் இருக்கும் நீரை ரத்தக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைப்பது இதுதான். கெட்டுப்போன குடல் வழியாக அல்புமின் கசிந்து போகிறது. தின்ற தீவனத்திலிருந்து புரதமும் சரியாகச் சேர்வதில்லை. அளவு இறங்க இறங்க நீர் குழாயை விட்டு வெளியேறி, தாழ்வான இடம் பார்த்துத் தேங்குகிறது. தாடைக்கு அடியில், அடிவயிற்றில், கால்களில். அதனால்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவரின் கண் முதலில் அல்புமின் வரிக்குப் போகும். 100 மில்லிலிட்டருக்கு 2 கிராமுக்கும் கீழே இருந்தால், குட்டி இந்த வயதிலும் இருந்தால், சந்தேகம் பாதி உறுதி.

'இந்த வயது' என்றேனே, அது பெரும்பாலும் 4 முதல் 7 மாதம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தேய்கிற நேரமும் அதுவே, பால் மறக்கடிக்கிற நேரமும் அதுவே. தாயைப் பிரித்து, இடம் மாற்றி, புதுக் கூட்டத்தில் விடுகிறார்கள். குட்டிக்கு அதைவிடக் கஷ்டகாலம் ஏது? வட அமெரிக்காவில் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரைதான் இந்த நோய்க்குச் சீசன். கிருமி சாணம் வழியாக வெளியேறி, தீவனத்தோடும் தண்ணீரோடும் இன்னொரு வாய்க்குள் போகிறது. பன்றிகள்தான் காரணம் என்று பழி போட முடியாது. குதிரையில் வரும் ரகமும் பன்றியில் வரும் ரகமும் வேறு வேறு. முயல் போன்ற சின்னப் பிராணிகள்மீதுதான் சந்தேகம் அதிகம்.

(காட்சி: குட்டியின் வயிற்றில் ஸ்கேன் கருவி. திரையில் வட்டம் வட்டமாகக் குடல்.)

ஸ்கேனில் குடல் சுவர் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் இயல்பு. இந்த நோயில் 5, 8 என்று போகும். சாணத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை உண்டு, கிருமிக்கு எதிராக உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் சோதனையும் உண்டு. இரண்டும் தனித்தனியாக ஏமாற்றும். கிருமி தினமும் சாணத்தில் வராது, மருந்து தொடங்கிவிட்டால் பிசிஆரில் சீக்கிரமே காணாமல் போகும். எதிர்ப்புப் பொருளோ, பக்கத்தில் துள்ளி விளையாடுகிற நல்ல குட்டிக்கும் இருக்கும். ஏனென்றால் கிருமி பட்ட பல குட்டிகள் நோயே காட்டாமல் தேறிவிடுகின்றன. என்னைக் கேட்டால், ஒரு சோதனைத் தாளை நம்புவதைவிட வயது, வீக்கம், அல்புமின், ஸ்கேன் நான்கையும் சேர்த்துப் பார்ப்பதே மேல். குடல் புழுவோ, சால்மோனெல்லா என்கிற இன்னொரு குடல் கிருமியோ காரணம் இல்லை என்பதையும் மறக்காமல் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒரே நிபந்தனை: செல்லுக்குள்ளே போய்ச் சேர வேண்டும். ஆக்சிடெட்ராசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக்கை ரத்தக் குழாயில் ஏற்றி, அப்புறம் டாக்சிசைக்ளினை வாய்வழியாகத் தொடர்வது ஒரு முறை. அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் வகையை ரிஃபாம்பினோடு சேர்ப்பது இன்னொன்று. எதுவானாலும் இரண்டு மூன்று வாரம். அல்புமின் அடிமட்டத்துக்குப் போயிருந்தால் பிளாஸ்மாவும், அதாவது ரத்த அணுக்களை நீக்கிய ரத்தத் திரவமும், ஏற்றுவார்கள். சில நாட்களில், காய்ச்சல் இருந்தால் அது விட்டு, குட்டி தொட்டிப் பக்கம் வந்துவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்தத் தோன்றும். நிறுத்தக் கூடாது. அல்புமின் ஏற இன்னும் பல வாரம் பிடிக்கும்.

சீக்கிரம் பிடித்துவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. ஆனால் வளர வேண்டிய மாதங்கள் போனது போனதுதான். கென்டக்கியில் நோயிலிருந்து மீண்ட குட்டிகளை அடுத்த வருடம் ஏலத்தில் விற்றபோது, அதே தகப்பன் குதிரையின் மற்றக் குட்டிகளுக்குக் கிடைத்த சராசரி விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது.

அதனால் முன்பு நோய் வந்த பண்ணைகளில் சீசன் முழுக்கக் குட்டிகளை எடை போட்டு, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் புரத அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தடுப்பூசி போடும் பண்ணைகளும் உண்டு. ஊசி என்று சொல்வது பழக்கத்தில் வந்துவிட்டது, இதில் ஊசியே கிடையாது. பன்றிக்கென்று உருவான, வீரியம் குறைத்த உயிர்க் கிருமி மருந்து அது. குட்டிக்கு 30 மில்லி, ஆசனவாய் வழியாக. 30 நாள் இடைவெளியில் இரண்டு தடவை.

(காட்சி: கையுறை மாட்டிய மருத்துவர் மெல்லிய ரப்பர் குழாயோடு குட்டியின் பின்பக்கம் வருகிறார். குட்டி காதைப் பின்னுக்கு மடிக்கிறது.)