டாங்கோவை வாழவைப்பது வரிகளே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பிறந்த ஆட்டமும் பாட்டுமான டாங்கோவை வாழவைப்பது இசையா, பாடல் வரிகளா? நான் வரிகளின் பக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். டாங்கோ கவிஞர்கள், இசை என்கிற ஓடுகிற ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களாம்! நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்த ரயில் எந்த லட்சணத்தில் ஓடியது என்று பார்ப்போமா?

உருகுவேயின் மான்டிவிடியோவில் மாத்தோஸ் ரோட்ரிகெஸ் என்றொரு கட்டடக்கலை மாணவர். ‘லா கும்பார்சீத்தா’ அவர் போட்ட மெட்டுதான். வரி கிடையாது. கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் அடங்கிவிட்டது. 1924இல் அர்ஜென்டினாவின் கொந்தூர்சியும் மரோனியும் அதற்கு வரி எழுதினார்கள். ஆமாம் ஐயா, கேட்காமல்தான் எழுதினார்கள்! புகழ்பெற்ற டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்டெல் பாடினார். ‘உனக்குத் தெரிந்தால்’ என்று பெயரே மாறிப்போய், ஊரெங்கும் அதே பாட்டு.

மெட்டுப் போட்டவரோ பாரிசில் இருக்கிறார். இசைக்குழுத் தலைவர் கனாரோ சொல்லித்தான் அவருக்கு விஷயமே தெரிகிறது. சொந்த மெட்டு, வேறு பெயர், அடுத்தவர் வரி, சக்கைப்போடு போடுகிறது! கோபம் வராதா? வழக்குப் போட்டார். ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1948இல் அதே கனாரோ பங்கு பிரித்தார்: மெட்டுக்கு 80 சதவீதம், வரிகளுக்கு 20.

எதிரணியினர் 80ஐக் கேட்டதும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். வழக்குப் போட்ட அந்த மனிதர் இன்னொரு வேலையும் செய்தார். பேனாவை எடுத்து, அதே மெட்டுக்குத் தானே வரி எழுதினார்! வரியே வேண்டாமென்றால், மெட்டுப் போட்டவர் எதற்கு ஐயா எழுத உட்கார்ந்தார்? அப்படியும் மக்கள் வாயில் நின்றது கொந்தூர்சியும் மரோனியும் எழுதியதுதான்.

1943இல் அர்ஜென்டினாவில் வந்த ராணுவ ஆட்சி, வானொலியில் டாங்கோவின் தெருப்பேச்சுக்குத் தடை போட்டது. பாடல்களைத் திருத்திப் பாட வேண்டியிருந்தது. அரசு கைவைத்தது வரிகளில், மெட்டில் அல்ல!

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1935 ஜூன் 24, கொலம்பியாவின் மெதெயினில் விமான விபத்தில் கார்டெல் இறந்தார். உலகமே அழுதது. அதே விமானத்தில் கவிஞர் ஆல்ஃபிரெடோ லெ பெராவும் இருந்தார். கார்டெல் குரலில் நாம் உருகிக் கேட்கிற ‘நீ என்னை நேசிக்கும் நாள்’ லெ பெரா எழுதியது. பல காலம் கழித்து ஊர் திரும்புகிறவனின் நெஞ்சை ‘வோல்வேர்’ பாட்டில் எழுதினாரே, அந்த மனிதர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. பாடியவருக்குப் பக்கத்திலேயே செத்துப்போனார். எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறோம்?

நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் லெ பெராவின் பெயரை ஒருமுறை இந்த மேடையில் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.