கிராண்ட் கேன்யன்: உடையும் குழாய்க்கு என்ன மாற்று?

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், தென் விளிம்புக்கான தண்ணீர் எதிர்ப்புறத்து ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து வருகிறது. 1960களில் போடத் தொடங்கிய குழாய், ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பெரும்பாலும் அலுமினியம். பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, கொலராடோ ஆற்றைக் கடந்து, மறுசரிவில் ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை அந்த இறக்கத்தின் விசையிலேயே ஏறுகிறது. அதற்கு மேல் பம்பு வேண்டும்.

2010க்குப் பிறகு 85 தடவைக்கு மேல் இது உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அடுத்தடுத்து நான்கு உடைப்புகள். தென் விளிம்பில் இரவு தங்குவதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

காரணம் பழமை மட்டுமல்ல. ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சுமார் ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) கூடும். பிரைட் ஏஞ்சல் ஓடை ஓடும் குறுகலான பகுதியில் பாறை சரிகிறது. வெள்ளம் அடிமண்ணை அரிக்கிறது. தாங்கல் இழந்த குழாய் வளைந்து உடைகிறது. உடைப்பைச் சரிசெய்து வால்வை அவசரமாகத் திறந்தால், உள்ளே சிக்கிய காற்றும் நீரின் அதிர்ச்சி அழுத்தமும் அடுத்த பலவீனமான இடத்தைப் பிளக்கும். மெதுவாக நிரப்பி, மேடுகளிலுள்ள காற்று வால்வுகள் வழியே காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகே அழுத்தம் ஏற்ற வேண்டும். அப்புறம் குளோரின் இட்டு, அலசிவிட்டு, கோலிஃபார்ம் எனும் பாக்டீரியா இல்லையென்று சோதனையில் தேறினால்தான் விநியோகம்.

2023இல் தொடங்கிய 20.8 கோடி டாலர் திட்டத்தில் எனக்கு மிகச் சரியாகப் படும் முடிவு, அந்த ஆபத்தான பகுதியையே கைவிடுவது. நீரெடுக்கும் இடம், பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஃபேன்டம் ராஞ்ச் விடுதி அருகே பிரைட் ஏஞ்சல் ஓடைக்கு இறங்குகிறது. இதற்கு விலை உண்டு: அங்கிருந்தே பம்பு செய்ய வேண்டும், ஊற்றை விட ஓடை நீர் மழைக்குப் பின் எளிதில் கலங்கும் என்பதால் நல்ல சுத்திகரிப்பு நிலையமும் தேவை. அந்தச் செலவு தகும்.

கழிவுநீரை மறக்கக் கூடாது. தண்ணீரைக் கட்டுப்படுத்தும் நாட்களில் சாக்கடையில் ஓட்டம் குறைந்து திடக்கழிவு படியும்; அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கான்கிரீட்டை அரிக்கும். விரிசல் விட்ட சாக்கடைக் குழாயிலோ மழைநீர் புகுந்து கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவை விழுங்கும். ஆகவே நிலையத்தைப் பெரிதாக்கும் முன் குழாய்க்குள் கேமரா விட்டு விரிசல்களை அடைப்பதே முதல் வேலை. இந்தப் பூங்காவில் 1926 முதலே சுத்திகரித்த கழிவுநீரைக் கழிப்பறைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தனிக் குழாய்களையும் இந்த வேலையோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். அவை ஒழுகினால், அந்த அளவு நீரை மீண்டும் பள்ளத்தாக்கின் அடியிலிருந்துதான் ஏற்ற வேண்டியிருக்கும்.