ஓடுறதுக்கு இடம் எங்க விட்டோம்?

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பைப் பாத்துட்டு போனைத் திட்டத்தான் வந்திருக்கேன்னு நெறைய பேர் நெனச்சிருப்பீங்க போல, பசங்களையும் இழுத்துட்டு வந்து முன் வரிசைல ஒக்கார வச்சிருக்கீங்க, சார் சொல்றதை நல்லா கேட்டுக்கோன்னு ஒரு மொறைப்பு வேற. பசங்களா, நீங்க கவலப்படாதீங்க, இன்னிக்குத் திட்டு உங்களுக்கு இல்ல, பெரியவங்களுக்குத்தான். பிள்ளைங்க நல்லா வளர்றதுக்கும் ஓடியாடுறதுக்கும் அவங்களைச் சுத்தி என்ன இருக்கணும்னுதான் பேசப் போறேன்.

பிள்ளை உயரமா வளரலன்னா நம்ம ஒடனே சொல்றது என்ன? அப்பா குள்ளம், அம்மா குள்ளம், அதான் இவனும் குள்ளம். பரம்பரைக்குப் பங்கு இல்லன்னு நான் சொல்லல, பெரிய பங்குதான், ஒரே க்ளாஸ்ல நல்லா சாப்பிட்டு வளர்ற ரெண்டு பிள்ளைங்க உயரத்துல வித்தியாசம் இருந்தா பெரும்பாலும் அது பரம்பரைதான். ஆனா ஒரு நாட்டுல எல்லாருமே சேர்ந்து வளந்தா அதுக்கு என்ன பதில்? தென் கொரியாவுல 1896-ல பொறந்த பொண்ணுங்களையும் 1996-ல பொறந்த பொண்ணுங்களையும் ஒப்பிட்டுப் பாத்தா சராசரி உயரம் 20 செ.மீ. கூடியிருக்கு, அரை அடிக்கும் மேல. நூறு வருஷத்துல ஜீன் அந்த அளவுக்கு மாறாதுங்க. மாறினது அவங்களைச் சுத்தி இருந்தது.

ஆஸ்பத்திரில எடை போட்டதும் ஒரு க்ரோத் சார்ட்ல புள்ளி வைப்பாங்க பாத்திருப்பீங்க, அந்தக் கோடு எங்கருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டிருக்கோமா? 1997-லருந்து 2003 வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் ஆறு நாட்டுல குழந்தைங்களை அளந்துச்சு, பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. தாய்ப்பால் குடிக்கிற, அம்மா சிகரெட் பிடிக்காத, வறுமை வளர்ச்சிக்குக் குறுக்க வராத வீட்டுக் குழந்தைங்களா பாத்து எடுத்தாங்க. அப்படி எடுத்துப் பாத்தா அஞ்சு வயசு வரைக்கும் எந்த நாட்டுக் குழந்தையா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளருது. 2006-ல வெளியிட்ட அந்தச் சார்ட்டைத்தான் இன்னிக்கும் பயன்படுத்துறாங்க. அப்போ 2022 கணக்குப்படி உலகத்துல அஞ்சு வயசுக்குள்ள கிட்டத்தட்ட 14.8 கோடிப் பிள்ளைங்க வயசுக்கேத்த உயரம் இல்லாம இருக்காங்கன்னா அதைத் தலையெழுத்துன்னு சொல்லிட்டுப் போக முடியுமா.

சாப்பாடு குடுத்துட்டா சரியாயிடுமான்னா அதுவும் இல்ல. சுத்தமில்லாத தண்ணியக் குடிச்சு அடிக்கடி வயித்தால போற குழந்தைக்குச் சாப்பிட்டது உடம்புல ஒட்டாது, குடலே வீங்கிப் போயி சத்தை உறிஞ்சற வேலைய ஒழுங்காச் செய்யாது, உள்ள போற கொஞ்சமும் கிருமியோட சண்டை போடவே செலவாயிடும். அம்மாவைக் குத்தம் சொல்றது ஈசி, தண்ணிக் குழாயைச் சரி பண்றதுதான் கஷ்டம்.

இப்போ ஒரு கதை சொல்றேன், நடந்த கதை. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம், 1948, ஜெர்மனியில ரெண்டு அனாதை இல்லம். ரெண்டுலயும் சுமார் அம்பது பிள்ளைங்க, ரெண்டுலயும் ஒரே ரேஷன். எல்சி விட்டோசன்னு ஒரு பிரிட்டிஷ் சத்துணவு விஞ்ஞானி, அதிகமா ரொட்டி குடுத்தா எவ்வளவு எடை கூடும்னு பாக்கப் போனாங்க. முதல் ஆறு மாசம் ரெண்டு எடத்துலயும் சும்மா எடை மட்டும் பாத்தாங்க, அடுத்த ஆறு மாசம் முதல் இல்லத்துக்கு மட்டும் ரொட்டி, ஜாம், ஆரஞ்சு ஜூஸ்னு எக்ஸ்ட்ரா குடுத்தாங்க. என்ன ஆகியிருக்கணும்? முதல் இல்லத்துப் பசங்க கிடுகிடுன்னு ஏறியிருக்கணும். நடந்தது தலைகீழ். எக்ஸ்ட்ரா சாப்பாடு கெடைச்ச பசங்களுக்கு முன்ன ஏறின அளவு கூட ஏறல, வழக்கமான ரேஷன் சாப்பிட்டவங்க நல்லா ஏறிட்டாங்க. அம்மையாருக்கே கொழப்பம். அப்புறம் தோண்டிப் பாத்தா விஷயம் வார்டன்கிட்ட இருந்துச்சு. ரெண்டாவது இல்லத்துல இருந்த ரொம்பக் கண்டிப்பான வார்டன், சரியா ரொட்டி குடுக்க ஆரம்பிச்ச அதே நேரத்துல முதல் இல்லத்துக்கு மாத்தலாகி வந்திருக்காங்க. அவங்க திட்டறதுக்குன்னே பிடிச்ச நேரம் சாப்பாட்டு நேரம். எல்லாரும் சூப்பை முன்னாடி வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க, அந்தம்மா ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் கிழிப்பாங்க, முடிக்கிறதுக்குள்ள சூப் ஆறிப் போயிருக்கும், பாதிப் பேர் நடுங்கிட்டு இருப்பாங்க, சிலர் அழுதுட்டே இருப்பாங்க. இதுல இன்னொண்ணு கேளுங்க, அந்தம்மாவுக்குச் செல்லப் பசங்கன்னு எட்டுப் பேர், போற எடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாங்க, அந்த எட்டுப் பேர் மட்டும் நல்லா ஏறினாங்க! 1951-ல இது மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. மார்க் ஷீட்டைச் சாப்பாட்டு நேரத்துல எடுத்து வச்சுப் பேசுற வீடு எத்தனைன்னு நான் கேக்கல, கையெல்லாம் தூக்க வேணாம்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். அஞ்சு வயசுலருந்து பதினேழு வயசு வரைக்கும் சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்குற மாதிரி ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2016 நிலவரத்தை வச்சு 146 நாட்டுக் கணக்கப் பாத்தா 11-லருந்து 17 வயசுப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு 81 பேர் அந்த அளவ எட்டல. நூத்துக்கு எம்பது பேர் சோம்பேறியாப் பொறந்திருப்பாங்களா என்ன.

போன்தான் காரணம்னு சொல்லப் போறீங்க, போனுக்கு ஒரு பங்கு இருக்கு, சரி. ஆனா இங்கிலாந்துல 1971-ல ஏழு எட்டு வயசுப் பிள்ளைங்கள்ல 80 சதவீதம் பேர் தனியா ஸ்கூலுக்குப் போனாங்க, 1990-ல அது வெறும் 9 சதவீதம். 1990-ல எந்தக் குழந்தை கைல போன் இருந்துச்சு? ரோட்டுல கார் இருந்துச்சு. காருக்குப் பயந்து பிள்ளைய உள்ள வச்சோம், பிள்ளைய ஸ்கூல்ல விடறதுக்கு நம்மளும் ஒரு கார் எடுத்தோம், இன்னும் கார் கூடுச்சு, இன்னும் பயம் கூடுச்சு. வீட்டுக்குள்ள அடைச்சு வச்சதுக்கு அப்புறம்தான் போன் வந்துச்சு, காலியா இருந்த எடத்துல வந்து ஒக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான்.

அந்த அளவுக்கு ஓடியாடாதவங்க நூத்துக்கு 81-ன்னு சொன்னேன்ல, அதைத் தனித்தனியாப் பாத்தா பசங்கள்ல நூத்துக்கு 78, பொண்ணுங்கள்ல நூத்துக்கு 85. பொண்ணுங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லன்னு பி.டி. சாரே சொல்லுவாரு. தொண்ணூறுகள்ல ஆஸ்திரியா தலைநகர் வியன்னாவோட நகராட்சி பார்க்குகள்ல போயி யார் வராங்க யார் வரலன்னு எண்ணிப் பாத்துச்சு. ஒம்பது வயசு தாண்டினதும் பொண்ணுங்க காணாமப் போயிடுறாங்க, பசங்க அப்படியே இருக்காங்க. கவனிச்சுப் பாத்தா, இருக்கறது ஒரே பெரிய கிரவுண்ட், நடுவுல பசங்க பந்து ஆடுவாங்க, எடத்துக்குப் போட்டின்னா சத்தம் போடத் தெரிஞ்சவன் ஜெயிப்பான், பொண்ணுங்க ஒதுங்கிடுவாங்க. 1999-ல ரெண்டு பார்க்கை மாத்தி அமைச்சாங்க, பெருசா ஒண்ணும் பண்ணல, பெரிய எடத்தைச் சின்னச் சின்னதாப் பிரிச்சாங்க, நடக்கப் பாதை போட்டாங்க, வாலிபால் பேட்மின்டனுக்கு எடம் விட்டாங்க, ஒக்காந்து பேச எடம் வச்சாங்க. பொண்ணுங்க திரும்பி வந்துட்டாங்க. பசங்களை யாரும் தொரத்தவும் இல்ல. இன்ட்ரெஸ்ட் எல்லாம் இருந்துச்சுங்க, நிக்கத்தான் எடம் இல்ல.

காத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஓடுற பிள்ளை வாயைத் திறந்து வேகமா மூச்சு இழுக்கும், அப்போ காத்துல இருக்கறது அத்தனையும் உள்ள போகும். கலிபோர்னியாவுல பண்ணின ஆய்வுல, ஓசோன் (மேல இருக்கற படலம் இல்ல, வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து கீழ உருவாகுறது) அதிகமா இருந்த ஊர்கள்ல மூணோ அதுக்கு மேலயோ விளையாட்டு ஆடின பிள்ளைங்களுக்குப் புதுசா ஆஸ்துமா வர்ற வாய்ப்பு எந்த விளையாட்டும் ஆடாதவங்களை விட மூணு மடங்கு இருந்துச்சு, காத்து நல்லா இருந்த ஊர்ல அந்த வித்தியாசமே இல்ல. அதே பகுதியில பின்னாடி காத்து சுத்தமானதும் பிள்ளைங்க நுரையீரல் முன்ன விட நல்லா வளர ஆரம்பிச்சுது. அதனால விளையாடு விளையாடுன்னு மட்டும் சொன்னாப் பத்தாது.

என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. இத்தாலில பொல்சானோன்னு ஒரு ஊர்ல 1989-லருந்து ஒரு பழக்கம், ஸ்கூல் ஆரம்பிக்கிற நேரமும் விடுற நேரமும் ஒரு கால் மணி நேரம் ஸ்கூல் முன்னாடி ரோட்டுல கார் விடமாட்டாங்க. ஒரு தடுப்புக் கட்டை, அதைப் பிடிச்சுக்க ஒரு ஆள், இவ்வளவுதான் செலவு. எல்லா ஊர்லயும் பண்ணக் கூடியதுதான், கார்ல வந்து கேட்டுக்குப் பக்கத்துலயே இறக்கி விடணும்னு நிக்கிற பெத்தவங்கதான் முதல்ல எதிர்ப்பாங்க, அதையும் சொல்லிடறேன்.

இன்னொண்ணு, இதுக்கு நகராட்சியும் வேணாம். விளையாட்டு பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குறது, ஹோம்வொர்க் பண்ணலன்னா இவன் மட்டும் கிரவுண்டுக்குப் போகக் கூடாதுன்னு க்ளாஸ்ல ஒக்கார வைக்கிறது, இது ரெண்டையும் நிறுத்தச் சொல்லி அடுத்த மீட்டிங்ல நீங்கதான் கேக்கணும். ஹெட்மாஸ்டர் மேடையிலயே ஒக்காந்திருக்காரு, இப்பவே கேட்டாலும் சரி.