உளுந்து ஊறப்போடச் சொன்னது யார்?

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'அன்றாட வாழ்வில் மறதியை வெல்லக் கைகொடுப்பது மனப்பயிற்சியா, கைக்கருவியா?' மனப்பயிற்சியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி போகிறபோக்கில் ஒரு போடு போட்டார். "வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்தாச்சு, இவங்க இன்னும் ஆட்டுக்கல்லைக் கட்டிக்கிட்டு அழறாங்க!" அரங்கமே கைதட்டியது. முன்வரிசைத் தாய்மார்கள் மட்டும் தட்டவில்லை. ஏன் தெரியுமா தம்பி? உங்கள் வீட்டுக் கிரைண்டர் என்றைக்காவது, "நாளைக்கு இட்லிக்கு மாவு இல்லையே, உளுந்து ஊறப்போடும்மா" என்று சொல்லியிருக்கிறதா? வெந்தயம் போட்டாச்சா என்று கேட்டிருக்கிறதா? மாவு பொங்கி வந்துடுச்சு, நிறுத்து என்றாவது சொல்லுமா? இத்தனையையும் மனசில் வைத்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள், அதனால் அது ஓடுகிறது! போனில் அலாரம் அடிக்கும், சரி. அலாரம் வைக்கணும்னு யாருக்கு ஞாபகம் வரணும்?

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம், ராத்திரி நேரம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "சார், சார்ஜ் போயிடுச்சு. வீட்டம்மாவும் குழந்தையும் வேற பஸ்ல வர்றாங்க. ஒரு போன் பண்ணிக்கட்டுமா?" கொடுத்தேன். "ஒன்பது... எட்டு... நாலு..." விரல் நின்றுவிட்டது. மேலே பார்த்தார். மறுபடி, "ஒன்பது, எட்டு, நாலு..." என்னைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சா சார்?" என்றார். அவர் மனைவி நம்பரை என்னிடம் கேட்கிறார்! கடலை விற்ற அம்மா ஒருவர், "நம்பர் போகட்டும் தம்பி, பொண்டாட்டி பேராச்சும் தெரியுமா?" என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

திடீரென்று முகம் மாறியது. "சைபர், நாலு, மூணு, அஞ்சு..." விரல் தானாக ஓடியது. கும்பகோணம் பக்கம் அவர் கிராமத்து வீட்டு லேண்ட்லைன்! ஹாஸ்டலில் படித்த காலத்தில் ஒரு ரூபாய்க் காசு போட்டுப் போட்டு அழுத்திய நம்பர். எழுபது தாண்டிய அவர் அம்மா எடுத்தார். "அம்மா, உன் மருமக நம்பர் சொல்லு." கண்ணாடியைத் தேடுவார், நோட்டைத் தேடுவார் என்று நினைத்தேன். மூச்சு விடாமல் பத்து எண்ணையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "சாப்பிட்டியாடா?" என்றார்.

எப்படி? பேத்தியிடம் பேச தினமும் அந்தப் பத்து எண்ணையும் அழுத்துகிறவர் அவர். மகன் ஒருநாள் சேமித்தார், அத்தோடு சரி. அம்மாவோ தினமும் மனசிலிருந்து எடுத்தார். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு பிரிவு மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டால் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், நினைவிலிருந்து எழுதியவர்கள்! ஒரே நேரத்தில் நூறு விஷயங்களை மனசில் வாங்கிப் பதில் சொல்லும் சதாவதானத்தை 1907இல் சென்னையில் செய்து காட்டினாரே கோட்டாற்றுப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர், அவர் கையில் என்ன கருவி இருந்தது?

நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம். புதிதாக அறிமுகமானவரிடம் விடைபெறும்போது அவர் பெயரைச் சொல்லி விடைபெறுங்கள். கடைக்குச் சீட்டு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சாமான்களை நினைவிலிருந்து கேட்டுவிட்டு, கடைசியில் சரிபாருங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும் ஐயா. ஊருக்குப் போனால் எங்கள் அத்தை, "உனக்குத்தான் கத்தரிக்காய் ஆகாதே" என்று தனியாக ஒரு குழம்பு வைத்திருப்பார். எந்தக் கருவி அவருக்கு மணி அடித்தது? வருஷக்கணக்காக என்னை மனசில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். என் அம்மா போன பிறகு ஒருநாள் டாக்டர் கேட்டார், "சின்ன வயசில் உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?" தெரிந்த ஒரே ஆள் என் அம்மா. யாரிடம் போய்க் கேட்பேன்? என்னைப் பற்றி எனக்கே தெரியாத எத்தனையோ விஷயங்கள் அவரோடு போய்விட்டன. நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆளாக நாம் இருக்க வேண்டாமா?

நடுவர் ஐயா, தீர்ப்புக்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாவின் நம்பரை போனைப் பார்க்காமல் சொல்ல முடிந்தவர்களைக் கைதூக்கச் சொல்லுங்கள். அந்தக் கைகளை எங்கள் அணிக்கு எண்ணிக்கொள்ளுங்கள். தூக்க முடியாதவர்கள் இன்றைக்கு ராத்திரியே பத்து எண்ணையும் தாங்களே அழுத்தி அம்மாவைக் கூப்பிடட்டும். வணக்கம்.