மூணு மாதா படம், ஒரே அறை: பழைய ஐரோப்பிய ஓவியத்தை எப்படிப் பார்க்கறது?

வணக்கம். ஐரோப்பிய ஓவிய வரலாறு முழுக்க இன்னைக்குச் சொல்லப் போறதில்ல. மூணே மூணு படம்தான். மூணும் இத்தாலியில, ஃப்ளாரன்ஸ் ஊர் உஃபிஸி மியூசியத்துல, ஒரே அறைக்குள்ள இருக்கு. மூணுலயும் விஷயம் ஒண்ணுதான்: சிம்மாசனத்துல மாதா, மடியில குழந்தை இயேசு, சுத்தி தேவதூதருங்க, பின்னாடி முழுக்கத் தங்கம். சிமாபூவே வரைஞ்சது 1280, 1290 வாக்குல. டூச்சோவோடதுக்கு 1285 ஏப்ரல்ல ஒப்பந்தம் எழுதியிருக்காங்க. ஜோட்டோவோடது 1300க்கும் 1310க்கும் நடுவுல.

இந்த மூணை ஏன் எடுத்தேன்னா, வரையற விஷயம் மாறலைன்னா, வேற என்ன மாறியிருந்தாலும் அது வரைஞ்சவரோட முடிவு. எது கோவில்காரங்க கேட்டது, எது ஓவியரே யோசிச்சதுன்னு பிரிச்சுப் பார்க்க இதைவிட லேசான இடம் கிடையாது.

முதல்ல அளவைப் பிடிங்க. போன்ல மூணும் ஒரே சைஸாத் தெரியும், அங்கதான் பலரும் வழுக்கறாங்க. டூச்சோவோட பலகை நாலரை மீட்டர் உயரம், 2.9 மீட்டர் அகலம். நம்ம வீட்டு ஹால்ல நிக்காது, சீலிங் இடிக்கும். சிமாபூவேவோடது நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஜோட்டோவோடது மூணே கால் மீட்டர். ஒரு டேப் எடுத்து சுவத்துல ரெண்டு மீட்டர் அளந்து பென்சில்ல ஒரு கோடு போடுங்க. டூச்சோ படம் அதுக்கு மேலயும் ரெண்டரை மீட்டர் போகும். மாதா நம்மளைக் கீழே குனிஞ்சு பார்க்கற மாதிரி ஏன் வரைஞ்சாங்கன்னு அப்பப் புரியும்.

அடுத்தது தங்கம். "பின்னாடி வானம், மரம் எல்லாம் வரையத் தெரியாம தங்கத்தை அடிச்சு விட்டுட்டாங்க"ன்னு கமெண்ட்ல எழுதறாங்க. அப்படியில்லங்க. அந்தத் தங்கம் போடறதுதான் அதிக வேலை. பாப்லர் மரப் பலகையை இழைச்சு, மேல துணி ஒட்டி, ஜிப்சத்தையும் தோல் பசையையும் கலந்து பூச்சு மேல பூச்சா போட்டு, தந்தம் மாதிரி வழவழன்னு ஆகற வரைக்கும் சுரண்டுவாங்க. இதுக்குப் பேர் ஜெஸ்ஸோ. அதுமேல செந்நிறக் களிமண் ஒரு பூச்சு. அதை ஈரப்படுத்தி, தங்க ரேக்கை ஒவ்வொண்ணா வச்சு, காய்ஞ்சும் காயாமலும் இருக்கும்போது மிருகப் பல்லு இல்லாட்டி வழவழப்பான கல்லால தேய்ச்சு மெருகேத்துவாங்க. சீக்கிரம் தேய்ச்சா ரேக்கு கிழியும். ரொம்பக் காய விட்டா பளபளப்பு வராது. பழைய படங்கள்ல தங்கத்துக்கு நடுவுல சிவப்பு சிவப்பா தெரியுதில்ல? ரேக்கு தேஞ்சு போய் அடியில இருக்கற அந்தக் களிமண் எட்டிப் பார்க்குது.

இப்படி மெருகேத்தின தங்கம் கண்ணாடி மாதிரி. மெழுகுவத்தி வெளிச்சம் அசைஞ்சா அதுவும் அசையும். அதனால போட்டோவுல அது மஞ்சளாவோ பழுப்பாவோ செத்துக் கிடக்கும். போட்டோவை வச்சு பழைய பலகை ஓவியத்தோட தங்கத்தைப் பத்தித் தீர்ப்பு சொல்லவே கூடாதுன்னு நான் சொல்வேன்.

முகம் ஏன் பச்சையடிக்குதுங்கறது அடிக்கடி வர்ற கேள்வி. வண்ணத்தைக் குழைக்கறது முட்டை மஞ்சள் கருவுல. அது சட்டுனு காஞ்சிடும், எண்ணெய் மாதிரி இழுத்துக் கலக்க முடியாது. அதனால தோல் வர்ற இடத்துல முதல்ல பச்சை மண் நிறத்தைப் பூசி, அதுக்கு மேல ரோஸ் கலரை மெல்லிசுத் தூரிகையால கோடு கோடா அடுக்குவாங்க. அடியில பச்சை இருந்தா மேல இருக்கற ரோஸ் உயிரோட தெரியும். நூத்தாண்டுக்கணக்கா துடைச்சுத் துடைச்சு மேல் அடுக்கு தேஞ்ச இடத்துல பச்சை வெளியே வந்துடுது. மாதாவுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம் இல்ல!

சரி, இப்ப படத்துக்குள்ள போவோம். பேரு, வருஷம் எதையும் படிக்காம, ஒவ்வொரு படத்துக்கும் அஞ்சு நிமிஷம். கையில பென்சிலும் ஒரு துண்டுப் பேப்பரும் இருக்கட்டும். அழகா வரைய வேண்டாம், யாரு யாரை மறைக்கறாங்கன்னு மட்டும் கோடு போடுங்க. அதோட ஒரே ஒரு கேள்வி: இந்தத் தேவதூதருங்க கால் எதுமேல இருக்கு?

டூச்சோவுல ஆறு பேரு, பக்கத்துக்கு மூணா, ஒருத்தர் மேல ஒருத்தர் மண்டி போட்டிருக்காங்க. கீழே தரையே இல்ல, காத்துல மண்டி. சிம்மாசனமோ ஒரு பக்கமா திரும்பி நிக்குது. சிமாபூவேவுல எட்டுப் பேரு சிம்மாசனத்தை ஒட்டி அடுக்கி வச்ச மாதிரி நிக்கறாங்க. ஆனா கீழே பாருங்க, வளைவு வளைவா அறை மாதிரி இடம் இருக்கு, அதுக்குள்ள நாலு தீர்க்கதரிசிங்க. படிக்கட்டு உள்பக்கமா குழிஞ்சு போகுது. ஆழம் காட்டணும்னு மனுஷன் பாடுபட்டிருக்காரு. பலரும் சிமாபூவேவை "பழைய பாணி"ன்னு ஒரு வார்த்தையில தள்ளி விட்டுடறாங்க, அது அநியாயம்.

ஜோட்டோவுல முன்னாடி ரெண்டு தேவதூதருங்க பூஞ்சாடியோட தரையில மண்டி போட்டிருக்காங்க. நிஜத் தரை. பின்னாடி நிக்கறவங்களை முன்னாடி நிக்கறவங்க மறைக்கறாங்க. ஒருத்தரோட ஒளிவட்டம் இன்னொருத்தர் முகத்தையே வெட்டுது. சிம்மாசனத்தோட பக்கவாட்டுல ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கு, அதுக்குள்ள ஒரு தாடிக்காரர் முகம். ஒரு புனிதரோட முகத்தை மறைக்கத் துணியறதுன்னா அந்தக் காலத்துல சாதாரண முடிவு இல்ல. நம்ம கண்ணு மட்டம் எங்கன்னும் அந்தப் படமே சொல்லுது. படியோட மேல்பரப்பு தெரியுது, மேல இருக்கற விதானத்தோட அடிப்பக்கமும் தெரியுது. அப்ப நாம நடு மட்டத்துல நிக்கறோம்.

அடுத்த சோதனைக்கு போன் போதும். மூணு படத்தையும் கருப்பு வெள்ளையா மாத்துங்க. மாதாவோட மேலங்கி மூணுலயும் இருட்டாத்தான் வரும், அதை விடுங்க. சிமாபூவேவுல அந்த அங்கி மேல ஒரு வலை விரிச்ச மாதிரி வெளிர் கோடுகள் தெரியும். அது துணியோட மடிப்பைத் தங்கக் கோட்டால காட்டற பழைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசோட) முறை. கோடு மின்னும், ஆனா அடியில உடம்பு இருக்கறதை மறைச்சுடும். இப்ப ஜோட்டோவுல வெள்ளை உடுப்பைப் பாருங்க. மார்பு, வயிறு, அகலமா விரிஞ்ச முழங்கால், எல்லாம் வெளிச்சம் நிழல்லயே உருண்டு நிக்குது. தங்கம் ஓரத்துல மட்டும்தான். கையையும் கவனிங்க. சிமாபூவேவோட மாதா குழந்தையைச் சுட்டிக் காட்டறாங்க. ஜோட்டோவோட மாதா குழந்தையைப் பிடிச்சிருக்காங்க, அதோட கனம் தெரியுது.

உடனே "அப்ப ஜோட்டோதான் பெஸ்ட், மத்த ரெண்டும் முந்தின படி"ன்னு முடிவு கட்டாதீங்க. இந்த ஓட்டப் பந்தயக் கதை ரொம்பப் பழசு. களத்துல சிமாபூவே நின்ன காலம் போய் இப்ப ஜோட்டோ பேருதான் ஒலிக்குதுன்னு இத்தாலியக் கவிஞர் தாந்தே அப்பவே எழுதிட்டாரு. 1550ல, ஓவியர்களோட வாழ்க்கையைப் புத்தகமா எழுதின வசாரி அதையே பெரிய வரலாறா கட்டினாரு. அவரு செஞ்ச தப்புதான் வேடிக்கை. அந்த நாலரை மீட்டர் மாதாவை சிமாபூவே வரைஞ்சதாவும், ஊரே எக்காளம் ஊதி அதை ஊர்வலமா கோவிலுக்குக் கொண்டு போனதாவும் எழுதி வச்சாரு. பின்னாடி பார்த்தா, 1285 ஒப்பந்தத்துல இருக்கற பேரு டூச்சோ. சியெனா ஊர்க்காரர்! ஃப்ளாரன்ஸோட பெருமைன்னு அவ்வளவு காலம் புகழ்ந்தது பக்கத்து ஊர்க்காரர் வேலையை. படம் மாறவே இல்ல, சீட்டுல பேருதான் மாறிச்சு. பேரைப் படிக்காம பாருங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

அந்த ஒப்பந்தமும் படிக்க வேண்டியது. சம்பளம் 150 லீரா, தங்கம் பூசற செலவு ஓவியர் தலையில. படம் பிடிக்கலைன்னா, அதை வரையச் சொன்ன பக்தி சபைக்காரங்க வாங்க வேண்டியதே இல்ல, பலகை ஓவியர்கிட்டயே கிடக்கும். அப்படி ஒரு நெருக்கடியில டூச்சோ என்ன கொடுத்தாருன்னா, கோடு. மாதாவோட அங்கி ஓரத்துத் தங்க விளிம்பை மட்டும் தலையில இருந்து கால் வரைக்கும் விரலால தொடர்ந்து பாருங்க. வளைஞ்சு, சுருண்டு, மறைஞ்சு, திரும்ப வந்து, ஒரு இடத்துலயும் சோர்ந்து போகல. தேவதூதருங்க உடுப்புல இளம் ரோஸ், ஊதா, வெளிர் பச்சை. ஜோட்டோவுல கனம் கிடைக்கும், இந்த நளினம் கிடைக்காது. எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப நேரம் பார்க்கத் தோணறது டூச்சோதான். ஆனா புதுசா ஒரு பிரச்சினையைக் கையில எடுத்துத் தீர்த்தது யாருன்னு கேட்டா ஜோட்டோன்னுதான் சொல்லணும். ரசனை வேற, மதிப்பீடு வேற. ரெண்டையும் தனித்தனி வரியா எழுதிப் பழகுங்க.

மூணும் கைக்கு வந்ததும் லண்டன் நேஷனல் கேலரி தளத்துல, பின்னாடி வந்த இத்தாலிய ஓவியர் மசாச்சோவோட 1426 மாதாவைத் திறங்க. அதே சிம்மாசனம், அதே தங்கப் பின்னணி, குழந்தை திராட்சை தின்னுது. வெளிச்சம் ஒரே பக்கத்துல இருந்து வருது, சிம்மாசனத்துல நிழல் விழுது. குழந்தை தலைமேல இருக்கற ஒளிவட்டத்தை ஜூம் பண்ணுங்க. அது வட்டமா இல்ல, சாய்ச்சுப் பிடிச்ச தட்டு மாதிரி நீள்வட்டம். மாதாவோடது மட்டும் இன்னும் தட்டையான வட்டம். ஒரே படத்துல ரெண்டும் ஏன் அப்படின்னு கமெண்ட்ல எழுதுங்க, ஆனா பென்சில்ல ஒரு தடவை வரைஞ்சு பார்த்துட்டு.