மார்பு வீங்கினால் விரையையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சட்டை உரசினாலே மார்புக் காம்பு வலிக்கிறது என்று சில ஆண்கள் வருவார்கள். பார்த்தால் மார்பு லேசாகப் பருத்திருக்கும். உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டிருப்பார்கள். இதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள்தான் இருக்கும். ஆனாலும் விரைகளையும் தொட்டுப் பார்க்காமல் அவர்களை அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அபூர்வமாகச் சிலருக்கு அங்கே பட்டாணி அளவில் ஒரு கட்டி இருக்கும். கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதும் உண்டு.

இது லெய்டிக் செல் கட்டியாக இருக்கலாம். விரையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும் இந்த செல்களை 1850இல் விவரித்தவர் ஃபிரான்ஸ் லெய்டிக். விரைக் கட்டிகளில் நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான் இந்த வகை. கட்டியே ஹார்மோனைச் சுரப்பதால் பெண் ஹார்மோன் கூடி மார்பு வீங்குகிறது. சின்னப் பையன்களுக்கோ ஆண் ஹார்மோன் கூடி ஐந்தாறு வயதிலேயே குரல் உடையும், மீசை அரும்பும்.

மற்ற விரைப் புற்றுநோய்களைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் இதில் இயல்பாகவே இருக்கும். அதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

சரி, விரையையே எடுத்துவிட வேண்டுமா? நோயாளிகள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. கட்டி சிறியதாக இருந்தால் அதை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். விரைப்பையைக் கீறுவதில்லை, தொடை இடுக்குக்கு மேலேதான் திறப்போம். நோயாளி மேஜையில் இருக்கும்போதே கட்டியின் துண்டை உறைய வைத்துச் சீவி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெட்டிய முகம் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். சந்தேகம் இல்லையென்றால் விரையை விட்டுவிடலாம்.

இந்தக் கட்டி வந்த பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு இது புற்றுநோயாக இருக்கும். 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, ரத்தக் குழாய்க்குள் புகுந்த செல்கள் இரண்டும் கவலை தருபவை. வயிற்றின் பின்பக்க நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டால் கீமோவும் கதிர்வீச்சும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அறுவை சிகிச்சையைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். பரவுவது சில வருடங்கள் கழித்தும் தெரியவரலாம். அதனால் தையல் ஆறிய பிறகும் ஸ்கேனுக்கு வரச் சொல்லிக்கொண்டே இருப்போம்.

அப்புறம், கட்டியை எடுத்ததும் மார்பு வற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாள்பட்ட வீக்கம் அப்படியே நின்றுவிடலாம். அதற்குத் தனியாக ஒரு சிறு அறுவை சிகிச்சை இருக்கிறது.