புலிக்குச் சோறு போட ஆள் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வேலை பார்த்த கல்லூரியின் விலங்கியல் துறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் இரண்டு மண்டையோடுகள். ஒன்று சிங்கத்தினுடையது, மற்றொன்று புலியினுடையது. பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு எது எது என்று மாணவர்களைக் கேட்பேன். சரியாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. தோலை உரித்துவிட்டால் இரண்டும் அவ்வளவு ஒன்றுபோல இருக்கும். பிறகு கீழ்த்தாடைகளை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டுவேன். சிங்கத்தின் தாடை அடிப்பக்கம் வளைந்திருப்பதால் லேசாகத் தொட்டாலே தொட்டில் மாதிரி ஆடும். புலியின் தாடை ஆடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதைக் காட்டி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும். "சார், ரெண்டும் சண்டை போட்டா எது சார் ஜெயிக்கும்?" ஒரு வருடம்கூட இந்தக் கேள்வி தவறியதில்லை. பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிடும். இன்று வானொலி நிலையத்தார் இதே தலைப்பைக் கொடுத்து நேரமும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இது அவர்களுக்கான பதில்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒண்டிக்கு ஒண்டி, இரண்டும் நன்கு வளர்ந்த ஆண்கள் என்றால் நான் புலி பக்கம். நம் நாட்டு ஆண் புலி 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். குஜராத்தின் கிர் காட்டு ஆண் சிங்கம் 160 முதல் 190 கிலோ வரை இருக்கும். ஆப்பிரிக்கச் சிங்கம் இன்னும் கனமானது, அதனோடு ஒப்பிட்டால் எடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் பூனைக் குடும்பத்திலேயே நீளமான கோரைப்பல் புலிக்குத்தான். பின்னங்கால்களில் எழுந்து நின்று இரண்டு முன்னங்கால்களாலும் மாறி மாறி அறையவும் அதற்குத் தெரியும். 2011-ல் துருக்கியின் அங்காராவில் ஓர் உயிரியல் பூங்காவில், வேலியில் இருந்த இடைவெளி வழியாகப் பக்கத்துக் கூண்டுக்குள் புகுந்த புலி, ஒரே அடியில் சிங்கத்தின் கழுத்து ரத்தக்குழாயைக் கிழித்துக் கொன்றதாகச் செய்தி வந்தது.

இருந்தாலும் கூண்டில் நடந்த ஒன்றை வைத்து முடிவு கட்ட எனக்கு மனம் வருவதில்லை. கூண்டில் விலகிப்போக வழி கிடையாது. காட்டில் வாழும் புலி சண்டையிடுவதைவிட விலகிப்போவதில் கெட்டிக்காரன்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். புலி தனியாக வாழ்கிற பிராணி. குட்டிகளோடு இருக்கும் தாயைத் தவிர்த்தால், ஒவ்வொன்றும் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். கால் சுளுக்கினாலும் சரி, ஒரு பல் உடைந்தாலும் சரி, அடுத்த வேளைக்கு மானைப் பிடிக்க வேண்டியது அதேதான். புலிக்குச் சோறு போட ஆள் இல்லை. அதனால் ஜெயித்த சண்டைகூட அதற்கு நஷ்டமாகிவிடலாம்.

இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் புலி ஊரெல்லாம் எழுதி வைக்கிறது. வாலைத் தூக்கி மரத்தடியில் சிறுநீரைப் பீச்சும், பின்னங்கால்களால் தரையைப் பிறாண்டும், அடிமரத்தில் நகத்தால் கீறும். அந்த வழியாக வரும் இன்னொரு புலி மோந்து பார்த்தே தெரிந்துகொள்ளும்: இங்கே ஆள் இருக்கிறது, வந்துபோய் இத்தனை நாள் ஆகிறது. நேபாளத்தின் சித்வன் காட்டில் புலிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டி ஆராய்ந்தவர்கள் கண்டது இது: எல்லைக்கு உரிய புலி செத்துப்போனால், வாசனை மங்கிய சில வாரங்களுக்குள் பக்கத்துப் புலி உள்ளே வந்துவிடுகிறது. அந்த வாசனை இருக்கும்வரை தயங்கி நின்ற அதே புலி!

ராஜஸ்தானின் ரந்தம்போரில் மச்லி என்ற பெண்புலி இருந்தது. ஏரிக்கரையில் பெரிய முதலை ஒன்றோடு போராடி அதைக் கொன்ற காட்சி படமாக்கப்பட்டு உலகம் முழுக்கப் போனது. அப்பேர்ப்பட்ட வீராங்கனையின் ஏரிக்கரையைப் பின்னாளில் பறித்துக்கொண்டது வேற்றுப் புலி இல்லை, அவள் பெற்ற மகள். வயதாகிக் கோரைப்பற்களும் போன பிறகு வனத்துறை இரை கொடுத்துத்தான் மச்லியைக் காப்பாற்றி வந்தது. 2016 ஆகஸ்டில் இறந்தாள். ஆளே இல்லாத காட்டில் அப்படி ஒரு புலி அத்தனை ஆண்டு உயிரோடு இருந்திருக்க முடியாது.

பல் போன புலி வேறு வழியிலும் போகலாம். குமாவோன் மலைப்பகுதியில் 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கணக்கில் 436 மனித உயிர்கள் சொல்லப்படுகின்றன. அதன் வலதுபக்க மேல் கீழ்க் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் குண்டால் உடைந்திருந்தன. அதன் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதற்கு அந்தக் காயத்தையே கார்பெட் காரணமாகச் சொன்னார்.

சரி, சிங்கத்துக்கு வருவோம்.

தான்சானியாவின் செரங்கெட்டியில் 1990-களில் நடந்த ஓர் ஆராய்ச்சியை வானொலியில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் அது முழுக்கக் காதால் நடந்த ஆராய்ச்சி. கேரன் மெக்கோம்ப், கிரெய்க் பேக்கர் முதலியோர் ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, அறிமுகமில்லாத பெண்சிங்கத்தின் கர்ஜனையை ஒலிக்கவிட்டார்கள். கேட்பது ஒரே ஒரு குரல் என்றால் அந்த இடத்துப் பெண்சிங்கங்கள் அதை நோக்கிப் போயின. மூன்று குரல்கள் சேர்ந்து கேட்டால் தயங்கின. தங்கள் பக்கம் ஆள் அதிகம் இருந்தால் மூன்று குரலையும் எதிர்த்துப் போயின. அதாவது சிங்கம் எண்ணுகிறது! எதிரி எத்தனை, நாம் எத்தனை என்று காதாலேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறது.

அதைத் தொடர்ந்து 1995-ல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. எல்லைக்குள் வேற்றுக் குரல் கேட்டதும் எல்லாப் பெண்சிங்கங்களும் ஒன்றுபோல் பாய்வதில்லை. சில எப்போதும் முன்னால் போகும், சில எப்போதும் பின்தங்கும். முன்னால் போகிறவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், யார் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பின்தங்கியவளை அவள் தண்டிப்பதில்லை. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கோழை, வீரன் என்று நாம் சொல்கிற இரண்டும் ஒரே குடும்பத்துக்குள், ஒரே எல்லையின் பலனைப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றன.

ஆண் சிங்கங்களின் கதை வேறு. அண்ணன் தம்பிகளோ கூட்டாளிகளோ இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கைப்பற்றும். அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் தங்கள் குட்டிகள் வளர்ந்தாக வேண்டும், அதனால் வந்ததும் பழைய ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடுவது வழக்கம். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் பகுதியை 2006 முதல் ஆட்டிப்படைத்த மபோகோ என்ற ஆறு ஆண்களின் கூட்டம் உலகப் புகழ் பெற்றது. எண்ணிக்கை குறைந்தபோது அவற்றின் கதையும் இன்னொரு கூட்டத்தால் முடிந்தது. நம் கிர் காட்டில் இந்தக் கூட்டாளிகளுக்குள்ளும் பங்கு சமமில்லை. இனச்சேர்க்கையில் 70 சதவீதத்துக்கு மேல் ஆதிக்கம் செலுத்தும் கூட்டாளிக்கே போகிறது என்று இந்திய வனவிலங்கு நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியும் அடங்கிப்போகும் கூட்டாளி பிரிந்துபோவதில்லை. தனியாகப் போனால் அதுகூடக் கிடைக்காது.

இப்போது காயத்தை இங்கே வைத்துப் பாருங்கள். நொண்டுகிற சிங்கம் மற்றவை கொன்ற இரையில் வாய் வைக்கலாம். அடித்துத் துரத்துவார்கள்தான், ஆனாலும் ஏதாவது மிஞ்சும். ஆகவே சிங்கம் துணிகிறது, புலி தவிர்க்கிறது. இரண்டும் அதனதன் சாப்பாட்டுக் கணக்கை ஒட்டி நடந்துகொள்கின்றன. புலியைப் பதுங்குகிற பிராணி என்றும் சிங்கத்தை நேருக்கு நேர் நிற்கும் ராஜா என்றும் நாம் மதிப்பெண் போடுவது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

பிடரி மயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கழுத்துக்குக் கவசம் என்று நானே பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். காயங்களை ஆராய்ந்தபோது, சண்டையில் பிடரிப் பகுதி தனியாகக் குறிவைக்கப்படுவதாகத் தெரியவில்லை. 2002-ல் பேக்கரும் பெய்டன் வெஸ்டும் சிங்கப் பொம்மைகளை வைத்துச் சோதித்தார்கள். கருத்த பிடரியுள்ள பொம்மையிடம் பெண்சிங்கங்கள் போயின, ஆண்கள் அதைத் தவிர்த்தன. கருத்த பிடரி உடம்பைச் சூடாக்கும். அந்தச் சூட்டையும் தாங்கி நிற்கிறான் என்றால் அவன் திடமானவன். புலியின் வாசனை செய்கிற வேலையைத்தான் சிங்கத்தின் பிடரி செய்கிறது: அடிதடிக்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுவது.

காட்டில் இரண்டும் சந்திக்க இன்று வாய்ப்பு உண்டா? காட்டுச் சிங்கமும் காட்டுப் புலியும் இருக்கிற ஒரே நாடு இந்தியா. ஒரு காலத்தில் வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தன. திறந்த புதர்க்காட்டைச் சிங்கமும், அடர்ந்த காட்டைப் புலியும் எடுத்துக்கொண்டன. அதனால்தான், மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குச் சிங்கத்தை அனுப்பினால் அங்கே வரும் புலியோடு மோதுமே என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் பயப்படுகிற எதிரி கண்ணுக்குத் தெரியாதது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-ல் செரங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது, சுமார் 1,000 சிங்கங்கள். 2018-ல் அதே நோய் கிர் காட்டுக்குள் வந்து இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்தன. 2025 கணக்குப்படி 891 ஆசியச் சிங்கங்கள் இருக்கின்றன. காட்டில் வாழும் அத்தனையும் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில்தான். ஒரு பகுதியைக் குனோவுக்கு மாற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. 2022-ல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டாக்கள் விமானத்தில் குனோவுக்கு வந்து இறங்கின. கிர் காட்டிலிருந்து ஒரு சிங்கம்கூட இன்னும் அங்கே போகவில்லை.

வணக்கம்.